உண்குச்சியும் கஞ்சியும்: இரு பெயர்களின் கடல்வழி

கல்லணைக் கால்வாயின் கடைமடையில் அமைந்த பேராவூரணி வட்டாரத்தில் புழுங்கலரிசிச் சோறு பருக்கை பருக்கையாக உதிரும். அதைக் குழம்போடும் இரசத்தோடும் பிசைந்துண்ண விரல்களே ஏற்றவை. கிழக்காசியாவில் பரவலாக உண்ணப்படும் குட்டையரிசியோ வெந்தபின் ஒட்டித் திரளும். அதனை இரு குச்சிகளால் எடுத்துண்ணல் எளிது.

இக்குச்சிகளை ஆங்கிலம் ‘சாப்ஸ்டிக்ஸ்’ என்கிறது. இதன் முற்பகுதியைத் தமிழ்ச் ‘சாப்பிடு’ என்னும் வினையோடு இணைக்கத் தோன்றலாம்; சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. 1699இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூல், இதனை ஆங்கில மாலுமிகள் வழங்கிய பெயராகவே குறிக்கிறது. தென்சீனத் துறைமுகங்களின் கலப்பு ஆங்கிலத்தில் ‘சாப்’ என்பதற்கு ‘விரைவு’ என்பது பொருள். அது காண்டனியச் சொல்லொன்றின் திரிபு என அகராதிகள் கூறும். சீனப் பெயரான ‘குவைசு’விலும் ‘விரைவு’ப் பொருளுடைய ‘குவை’ ஒலிக்கிறது. பழம்பெயரான ‘சூ’, ‘நின்றுபோதல்’ என்னும் பொருளுடைய சொல்லை ஒத்தொலித்தமையால் படகோட்டிகள் அதனை விலக்கினர் என்பது மிங் காலந்தொட்டு வழங்கும் விளக்கம்.

இதற்கு மாறாக, சீனர் ‘சோ’ எனும் அரிசிக் கூழுக்கு ஆங்கிலத்தார் இட்ட ‘காஞ்சி’ என்ற பெயர் தமிழ்க் ‘கஞ்சி’யே. போர்த்துக்கீசியர் வழக்கில் அச்சொல் இருந்ததற்குக் கார்சியா த ஓர்த்தாவின் 1563ஆம் ஆண்டு நூல் சான்று.

முன்னதில் இருப்பது ஒலியொப்புமை மட்டுமே. பின்னதில் ஒலியும் பொருளும் வணிகத் தொடர்பும் ஒருங்கே அமைகின்றன. இம்மூன்றும் பொருந்தும் இடத்திலேயே தமிழ்மூலம் காட்டுதல் தகும். ஒலியை மட்டும் நம்பிக் கூறும் உரிமை, மெய்யான உரிமையையும் ஐயத்துக்குள்ளாக்கும்.