எழுவாயும் யப்பானிய இடைச்சொற்களும்

கல்முனைக்குடி இளைஞர் சிலர் தொழில் நாடி யப்பான் செல்லும் நோக்குடன் அந்நாட்டு மொழியைக் கற்கின்றனர். 2019ஆம் ஆண்டில் அந்நாடு தொடக்கிய தொழில்விசாத் திட்டத்திற்கு மொழித்தேர்விலே தேறுதல் பொதுவாக வேண்டப்படுவது. அவருள் ஒருவர் எம்மிடம் வந்து, “சேர், ‘வா’, ‘கா’ இரண்டும் எழுவாய் உருபு என்கின்றனர், எதை எங்கே இடுவது?” என வினவினார். விடை காணும் பொருட்டு யாமும் அம்மொழியின் தொடக்க நூல்களைப் பயின்றோம்.

பள்ளியில் வேற்றுமை வாய்பாட்டை உருப்போட்ட பழைய மாணவர், எழுவாய்க்கு உருபில்லை என்பதை மறந்திரார். யப்பானியத்திலும் இடைச்சொற்கள் பெயரின் பின்னரே வரும். ‘ஓ’ என்பது நம் ‘ஐ’ போலச் செயப்படுபொருளைக் காட்டும். எழுவாயிடத்திலேதான் இடர்ப்பாடு.

“வாப்பா வந்தார்” என்னும் தொடரை நோக்குக. “வாப்பா என்ன செய்தார்?” என்பதற்கும் அது விடையாகும், “வந்தவர் யார்?” என்பதற்கும் விடையாகும். நாம் குரலாலும் ‘தான்’ முதலியவற்றாலும் வேறுபடுத்துவதை யப்பானியர் இடைச்சொல்லால் வேறுபடுத்துவர். முன்னதற்கு ‘வா’, பின்னதற்கு ‘கா’. இக்ககரம் ‘கங்கை’ என்பதன் ஈற்றுக்ககரம்போல் ஒலிக்கும்.

ஆகவே, ‘வா’ எழுவாய் உருபன்று. “இதைப்பற்றிச் சொல்லப்போகிறேன்” எனப் பேசுபொருளை அறிவிப்பது. வினையின் எழுவாயைக் காட்டுவது ‘கா’வே. ‘யார்’, ‘எது’ என்னும் பொருளுடைய வினாச்சொல் எழுவாயானால் ‘கா’வே வரும், அறியாத ஒன்றைப் பேசுபொருளாக்குதல் இயலாதன்றோ? எனினும், ‘கா’வை ‘தான்’ என்றே கொள்ளலாகாது. “அதோ, மழை பெய்கிறது” எனக் கண்டதைப் புதிதாகக் கூறுமிடத்தும் ‘கா’ வரும். அங்கே அழுத்தம் இல்லை.

இரண்டும் ஒரே தொடரில் வருதலும் உண்டு. “ஸோ வா ஹனா கா நகாய்” என்பதற்கு, “யானையைப்பற்றிச் சொன்னால், மூக்கு நீளம்” என்பது பொருள். நாமோ “யானைக்குத் தும்பிக்கை நீளம்” என நான்காம் வேற்றுமையால் உரைப்போம். இத்தொடரையே தலைப்பாக்கி மிகாமி அகிரா 1960இல் ஓர் இலக்கண நூல் வெளியிட்டார்.

தமிழும் யப்பானியமும் உறவுடையன எனப் பேராசிரியர் சுசுமு ஓனோ வாதித்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவருடன் ஆய்ந்தனர். மொழியியலாருட் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்கவில்லை. உறவு எவ்வாறாயினும், ஒப்பீடு கற்பவனுக்குத் துணையாம்.

தமிழ் இலக்கணம் பரீட்சையோடு முடிந்ததென எண்ணியிருந்த அவ்விளைஞர், “யார் வந்தார், என்ன செய்தார் என்று முதலில் தமிழில் கேட்டுப் பார்க்கிறேன், சேர்” என்றார். எமக்கு அதுவே போதும்.