பன்னிரண்டு லாரித் தண்ணீருக்கா பந்த்?

தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், உறுதிமொழி, அப்புறம் இன்றைய செய்திகள். நம் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நின்றவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். மைக் முன்னால் வந்து நிற்கும் பிள்ளை நாலைந்து தலைப்புச் செய்திகளை மூச்சுவிடாமல் வாசித்துவிட்டு இறங்கும். மணி அடிக்கும். வகுப்புக்குள் போனால் முதல் பீரியட் கணக்கு. மைதானத்தில் வாசித்த செய்தி மைதானத்தோடு சரி, வகுப்பறை வாசலைத் தாண்டுவதில்லை.

மிஞ்சினால் அது பொது அறிவு வினாடி வினாவுக்குப் போகும். 'மேட்டூர் அணையின் வேறு பெயர் என்ன?' 'ஸ்டான்லி நீர்த்தேக்கம்.' சரியான விடை, ஒரு மதிப்பெண். ஸ்டான்லி அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் என்பதும், அணை 1934இல் திறக்கப்பட்டது என்பதும் தெரிந்திருந்தால் கைதட்டலும் உண்டு. அந்த அணையைப் பற்றித் தினமும் பேப்பரில் வரும் நாலு வரிச் செய்தியைப் படித்து, அதில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று விளக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

என் அக்கா மகளும் இந்த விஷயத்துக்குள் தற்செயலாகத்தான் வந்தாள். 2023 செப்டம்பர் கடைசி. காவிரி விவகாரத்தில் 26ஆம் தேதி பெங்களூரில் ஒரு பந்த், 29ஆம் தேதி கர்நாடகம் முழுவதும் இன்னொன்று. தமிழ்நாட்டுக்கு 5,000 கன அடி தண்ணீர் விடச் சொன்ன உத்தரவை எதிர்த்துத்தான் அந்தக் கொந்தளிப்பு. அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தவள், பேப்பரும் கையுமாக வந்தாள்.

"மாமா, ஒரு கன அடின்னா இருபத்தெட்டே கால் லிட்டர் சொச்சம். அப்படின்னா ஐயாயிரம் கன அடி ஒரு லட்சத்து நாப்பத்தோராயிரம் லிட்டர். எங்க அபார்ட்மென்ட்டுக்கு வர்ற தண்ணி லாரி பன்னெண்டாயிரம் லிட்டர் பிடிக்கும். பன்னெண்டு லாரித் தண்ணிக்கா பஸ்ஸை எல்லாம் நிறுத்துறாங்க?"

அவள் கணக்கில் தப்பே இல்லை. செய்தியில்தான் 'வினாடிக்கு' என்பதை விட்டுவிட்டார்கள். செய்தியாளருக்கும் அணைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அது சொல்லாமலே தெரியும் என்பதால் பாதி நேரம் அச்சில் ஏறுவதில்லை. அதைச் சொன்னதும் உட்கார்ந்து மறுபடி பெருக்கினாள். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. 5,000ஆல் பெருக்கினால் 43 கோடியே 20 லட்சம் கன அடி. லாரிக் கணக்கில் பார்த்தால் ஒரே நாளில் பத்து லட்சம் லாரிக்கு மேல். "அப்படிச் சொல்லுங்க" என்றாள்.

உத்தரவு 15 நாளைக்கு. மொத்தம் 648 கோடி கன அடி. நூறு கோடி கன அடி சேர்ந்தால் ஒரு டிஎம்சி, ஆகவே 6.48 டிஎம்சி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டிஎம்சி சேரும் என்பதை அன்று அவளே வகுத்துக் கண்டுபிடித்து நோட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டாள். இந்த ஓர் எண் கையில் இருந்தால் காவிரிச் செய்தி எதையும் சோதித்துப் பார்த்துவிடலாம். கணக்குப் புத்தகத்தில் தொட்டி நிரப்பும் குழாய்கள் வருஷா வருஷம் வருகின்றன. 'A குழாய் 6 மணி நேரத்தில் நிரப்பும், B குழாய் 8 மணி நேரத்தில் காலியாக்கும்' என்ற வகை. எந்த வீட்டிலும் இல்லாத அந்தத் தொட்டிக்குப் பதிலாக மேட்டூரையே கொடுக்கலாமே. நீர்வரத்து இவ்வளவு, நீர் திறப்பு இவ்வளவு என்று நிஜ எண்கள் தினமும் காசில்லாமல் கிடைக்கின்றன.

6.48 டிஎம்சி என்பது பெரிதா, சிறிதா? அதற்கு இன்னொரு எண் வேண்டும். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, சாதாரண மழை பெய்யும் ஆண்டில் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வந்து சேர வேண்டியது 177.25 டிஎம்சி. அதை மாதவாரியாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76. பிறகு இறங்குமுகம், பிப்ரவரி முதல் மே வரை மாதம் இரண்டரைதான். பந்துக்குக் காரணமான தண்ணீர் ஒரு ஆகஸ்ட் மாதப் பங்கில் ஏழில் ஒன்று. இந்த விகிதத்தை எந்தப் பேப்பரும் போட்டு நான் பார்க்கவில்லை.

அந்த மாதக் கணக்கை வரைபடத்தாளில் பட்டை விளக்கப்படமாகப் போட்டபோது புவியியல் தானாக வந்தது. ஏன் ஆகஸ்டில் உச்சம்? தஞ்சாவூரில் ஆகஸ்டில் பெரிய மழை கிடையாதே. காவிரி பிறக்கும் குடகும், அதன் துணையாறான கபினிக்குத் தண்ணீர் தரும் வயநாடும் தென்மேற்குப் பருவமழையை முகத்தில் வாங்கும் மலைப்பகுதிகள். டெல்டாவுக்கான மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும். ஆடிப் பதினெட்டுக்கு நாம் படித்துறையில் காப்பரிசியும் கருகமணியும் வைத்துக் கும்பிடும் புதுவெள்ளம் நம் வானத்திலிருந்து விழுந்தது இல்லை, இருநூறு மைலுக்கு அப்பால் வேறொரு மலையில் பெய்தது. 'மழை மறைவுப் பகுதி' என்று படித்து மறந்த பாடம் ஆடிப்பெருக்கில் வந்து ஒட்டிக்கொண்டது.

அதே பாடம் எதிர்த் தரப்பின் நியாயத்தையும் காட்டியது. 2023 ஆகஸ்ட், இந்திய அளவில் 1901க்குப் பிந்தைய மிக வறண்ட ஆகஸ்ட். பசிபிக் பெருங்கடலில் எல் நினோ. 177.25 என்பது சாதாரண ஆண்டுக்கான எண். பற்றாக்குறை ஆண்டில் எப்படிப் பகிர்வது என்பதில்தான் சண்டையே. இதைப் பதினான்கு வயதுப் பெண் புரிந்துகொண்ட வேகத்தில் நம் தொலைக்காட்சி விவாதங்கள் புரிந்துகொள்வதில்லை.

குடிமையியல், வரலாறு பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகள் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன, நதிநீர்த் தகராறுக்கென்று அரசமைப்புச் சட்டத்தில் 262ஆவது பிரிவு இருக்கிறது. 1892லும் 1924லும் மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் போட்ட ஒப்பந்தங்களில் தொடங்கி, 1990இல் நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2013இல் அரசிதழ் வெளியீடு என்று ஒரே செய்தியின் பின்னால் நூற்றாண்டு வரிசை. தேதிகளை அவள் மனப்பாடம் செய்யவில்லை. 'ஏன் பதினேழு வருஷம் ஆச்சு?' என்று கேட்டாள். 1990க்கும் 2007க்கும் இடையில் என்ன நடந்தது என்று தேடப் போனால் அது தனிக் கட்டுரை.

எனக்குப் பிடித்தது அடுத்த வருஷம் நடந்தது. 2024 ஜூன் 12 அன்று, வழக்கமாகக் குறுவைக்குத் திறக்கும் தேதியில், மேட்டூர் திறக்கப்படவில்லை. தண்ணீர் இல்லை. ஜூலை நடுவில்கூட நீர்மட்டம் 50 அடிக்குக் கீழேதான் இருந்தது. குடகில் மழை கொட்டியதும் இரண்டே வாரத்தில், ஜூலை 30 அன்று, முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டது. 'மேட்டூர் நீர்மட்டம் கிடுகிடு உயர்வு' என்று தினம் ஒரு தலைப்பு. பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட பெண் பழைய செய்திகளிலிருந்து நீர்மட்டத்தையும் நீர் இருப்பையும் பொறுக்கி அட்டவணை போட்டாள். 60 அடியில் ஏறக்குறைய 25 டிஎம்சி. 100 அடியில் 65. 120 அடியில் 93.47.

"பாதி உயரத்துக்குப் பாதித் தண்ணி இருக்கணும்ல? கால் பங்குதான் இருக்கு. யாராச்சும் தப்பா அளந்துட்டாங்களா?"

யாரும் தப்பாக அளக்கவில்லை. அணைக்குப் பின்னால் இருப்பது நேர்ச்சுவர் வைத்த தொட்டி இல்லை, கீழே ஒடுங்கி மேலே விரியும் மலைப் பள்ளத்தாக்கு. அளவியல் பாடத்தில் வரும் கூம்பைத் தலைகீழாக நிறுத்திப் பாதி உயரத்துக்கு நிரப்பினால் எட்டில் ஒரு பங்கு நிறையும். ஒரே நீளத்துக்கு ஓடும் V வடிவப் பள்ளமாக இருந்தால் நாலில் ஒரு பங்கு. மேட்டூர் இந்த நாலில் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. காகிதத்தில் அவள் போட்ட புள்ளிகளைச் சேர்த்தால் நேர்கோடு வரவில்லை, மேலே போகப் போக வளைந்தது.

அந்த வளைவிலிருந்துதான் 'கிடுகிடு'வின் ரகசியம் பிடிபட்டது. 50 அடியில் இருக்கும்போது நீர்மட்டம் ஓர் அடி உயர 0.6 டிஎம்சி போதும். 110 அடியில் அதே ஓர் அடிக்கு 1.4 டிஎம்சி வேண்டும். திறந்துவிட்டதைக் கழித்து, வினாடிக்கு 20,000 கன அடி நிகரமாக வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 1.73 டிஎம்சி. கீழ்மட்டத்தில் இது கிட்டத்தட்ட மூன்றடி, மேல்மட்டத்தில் ஓர் அடி சொச்சம். ஆற்றில் வருவது ஒரே தண்ணீர், முதலாவது முதல் பக்கச் செய்தி ஆகிறது, இரண்டாவது உள்பக்கத்தில் ஒரு மூலைக்குப் போகிறது. கோடையில் இதுவே தலைகீழ். தண்ணீர் குறையக் குறைய மட்டம் வேகமாக இறங்கும். பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும் புகைப்படங்கள் வரும். அந்தப் படத்தைப் பார்த்தவுடன் இருப்பு இவ்வளவுதான் இருக்கும் என்று இப்போது அவள் உத்தேசமாகச் சொல்கிறாள்.

இதற்கெல்லாம் ஸ்மார்ட் போர்டு வேண்டாம், தனிப் பாடவேளை வேண்டாம். வேண்டியது, கணக்கு ஆசிரியர் பேப்பரை வகுப்புக்குள் கொண்டுவருவது. 'சிலபஸை முடிக்கவே நேரமில்லை, சார்' என்பார்கள். பொய்யில்லை. பொதுத்தேர்வு வருஷத்தில் ஆசிரியரின் கழுத்தில் கத்தி இருக்கிறது. ஆனாலும் இடைக்கண்டத்தின் கனஅளவுக்கு வாளியையும் லோட்டாவையும் விட்டால் வேறு உதாரணமே கிடையாது என்பது போல ஐம்பது கணக்கு போட வைக்கும் நேரத்தில், ஒன்று மேட்டூராக இருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த முறை ஆசிரியர்களைச் சங்கடப்படுத்தும். பாடப்புத்தகக் கேள்விக்கு விடை பின்பக்கத்தில் இருக்கும். செய்திக்கு இருக்காது. 2024 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி, உபரி நீர் பதினாறு கண் மதகு வழியாகக் காவிரியில் பாய்ந்து, கொள்ளிடம் வழியே வங்கக் கடலுக்குப் போனபோது, 'வீணாகக் கடலில் கலக்கும் காவிரி நீர்' என்று வழக்கமான தலைப்பு. ஜூனில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லாமல் தவித்த கடைமடை விவசாயிக்கு அது வீண்தான். தடுப்பணை கேட்பது அவர் உரிமை. ஆனால் கொள்ளிடத்து முகத்துவாரத்தில் நன்னீர் வந்து உப்பைத் தள்ளாவிட்டால் கரையோர நிலத்தடி நீரில் கடல் ஏறும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் வளர்வது. ஆறு சுமந்துவரும் வண்டலால்தான் டெல்டா என்ற ஒன்றே உண்டானது.

எனவே பள்ளியில் ஒரு பட்டிமன்றம் ஏற்பாடாகியிருக்கிறது. வீண்தான் என்று ஓர் அணி, அதற்குச் சமூக அறிவியல் சார் துணை. இல்லை என்று மறு அணி, அதற்கு உயிரியல் டீச்சர். நடுவர் தமிழ் ஐயா. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதையை அவர் ஆரம்பித்துவிட்டால் இரண்டு பீரியடும் அவருக்கே போய்விடும், தனக்குப் பேச நேரம் கிடைக்காது என்று என் அக்கா மகள் இப்போதே புலம்பிக்கொண்டிருக்கிறாள்.