மூன்றாண்டு வாழ்ந்த பந்தாட்டக் கழகம்

கிரிக்கெட் ஆட்டத்தின் நுணுக்கங்களை நம்மவர்க்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை. அமெரிக்கர் போற்றும் பேஸ்பால் ஆட்டமோ நம்மிற் பலர்க்குப் பெயரளவிலேயே அறிமுகம். அவ்வாட்டத்தின் இளமைக் காலத்தில் தோன்றி விரைவில் மறைந்த கழகம் ஒன்றின் கதையை இங்கே சொல்லலாம் எனக் கருதுகிறேன்.

1876ஆம் ஆண்டில் 'நேஷனல் லீக்' என்னும் அமைப்பு எட்டு அணிகளோடு தோன்றிற்று. எழுபத்தையாயிரம் மக்களுக்குக் குறைந்த நகருக்கு அதில் இடமில்லை. ஆண்டுக் கட்டணம் நூறு டாலர். ஆட்டம் காண நுழைவுச் சீட்டு ஐம்பது சென்ட். சுருங்கச் சொன்னால், அது பெருநகரச் செல்வர்களின் அமைப்பு. சிற்றூர்களில் திறமை மிக்க அணிகள் பல இருந்தும், அவை வாயிலுக்கு வெளியே நின்றன.

வெளியே நின்றவர்கள் 1877 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் நகரில் கூடித் தமக்கென ஒரு கழகம் கண்டனர். கானடா நாட்டு அணிகளும் சேர்ந்தமையால் அதற்கு 'இன்டர்நேஷனல் அசோசியேஷன்' என்று பெயரிட்டனர். சேர்வதற்குப் பத்து டாலர், வாகைப் போட்டியில் கலந்துகொள்ள மேலும் பதினைந்து டாலர், அவ்வளவே. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் முதலாளி அல்லர்; காண்டி கம்மிங்ஸ் என்னும் ஆட்டக்காரர். எறிந்த பந்து தரையைத் தொடாமலேயே காற்றில் வளைந்து செல்லும் வித்தையை முதலில் கண்டவர் அவரே என்பர். நம் சுழற்பந்து தரையில் விழுந்த பிறகே பெரிதும் திரும்புகிறது. இவர் பந்தோ பறக்கும்போதே வழிமாறும். இளமையில் கிளிஞ்சல் ஓட்டை வீசி விளையாடியபோது இந்த எண்ணம் உதித்ததாம். ஆயினும், ஒன்டாரியோ மாநிலத்து லண்டன் நகரின் டெக்கும்சே அணிக்குப் பந்தெறிந்த பிரெட் கோல்ட்ஸ்மித், அவ்வித்தை தமக்கே உரியது என்று இறுதிவரை வாதாடினார். உரிமை கோரிய இருவரும் ஒரே கழகத்தில் ஆடினர் என்பது சுவையான செய்தி.

முதலாண்டு வாகையை அந்த டெக்கும்சே அணியே சூடிற்று. அமெரிக்க ஆட்டத்தில் அமெரிக்கரைக் கானடா நாட்டு அணி வென்றதை எண்ணிப் பாருங்கள்! இதற்கிடையே தலைவர் கம்மிங்ஸ், பருவத்தின் நடுவிலேயே தம் லின் நகர அணியை விட்டு, நேஷனல் லீகைச் சேர்ந்த சின்சினாட்டி அணிக்குச் சென்றுவிட்டார். தலைவரே மாற்றார் பாசறைக்குப் போனால் கழகம் என்ன ஆகும்? எனினும் அவரைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. ஊதியம் உறுதியாகக் கிடைக்கும் ஊரை நாடி மக்கள் செல்வது எங்கும் காணும் வழக்கந்தானே. ஊர்விட்டு வந்து பிழைக்கும் நமக்கு அது புதிதன்று.

அதே லின் அணிக்கு 1878இல் பட் பவுலர் என்னும் கறுப்பு இளைஞர் பந்தெறிந்தார். ஊதியம் பெற்று ஆடிய கறுப்பினத்தவருள் பெயர் தெரிந்த முதல்வர் இவரே. வெள்ளையர் அணிகளில் நிலையாக ஆட விடாமல் நிறவேற்றுமை அவரை ஊர் ஊராக அலைக்கழித்தது. அவர் வளர்ந்த கூப்பர்ஸ்டவுனிலேயே அமைந்துள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது 2022ஆம் ஆண்டில்தான். அவர் இறந்ததோ 1913இல்.

கழகத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் பணமே. எளிதாகச் சேர்ந்த அணிகள் எளிதாகவே கலைந்தன. வாகை சூடிய டெக்கும்சே அணியே மறு ஆண்டு, பருவம் முடியுமுன் மறைந்தது. 1878இல் வென்ற பபலோ அணியை நேஷனல் லீக் அடுத்த ஆண்டே தன்னுடன் சேர்த்துக்கொண்டது. கானடா அணிகள் விலகவே, 1879இல் கழகம் 'நேஷனல் அசோசியேஷன்' எனப் பெயர் மாற்றிக்கொண்டு, 1880இல் மடிந்தது. அதற்குச் சற்று முன், 1879 இலையுதிர் காலத்தில், அணிக்கு ஐந்து ஆட்டக்காரரைப் பிறர் அழைக்கலாகாது என நேஷனல் லீக் முதலாளிகள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டனர். நல்ல ஊதியம் தரும் அணிக்கு மாறிச் செல்லும் உரிமை அன்று முதல் சுருங்கலாயிற்று. அதை ஆட்டக்காரர் மீட்டது 1975ஆம் ஆண்டின் இறுதியில்.

பின்வந்த வரலாற்றாசிரியர் சிலர் இக்கழகத்தை முதல் 'மைனர் லீக்' என்பர். அதில் ஆடியவர்களோ தம்மை எவர்க்கும் இளையோராகக் கருதியதில்லை. டெக்கும்சே அணி 1877இல் ஆடத் தொடங்கிய திடல், லபாட் பூங்கா என்னும் பெயரில் லண்டன் நகரில் இன்றும் இருக்கிறது. ஆட்டமும் அங்கே நடைபெறுகிறது.