ஆர்டரின் வேகமும் வேடசந்தூர் வேன்களும்

விடிவதற்கு முன்பே வேடசந்தூர் சுற்றுவட்டாரக் காலனிகளின் முனைகளில் கம்பெனி வேன்கள் வந்து நின்றுவிடுகின்றன. ('காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வேன் டிரைவருக்கு இன்னும் அதுதான் ஸ்டாப்பிங்கின் பெயர்.) சாப்பாட்டுத் தூக்கோடு ஏறுகிறவர்களில் பலர் நம் வீட்டுப் பெண்கள். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள், கல்லூரிக் கட்டணம் சேர்ப்பதற்காக ஓராண்டு போய்வரலாம் என்று ஏறியவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள்.

அதே பிள்ளை கல்லூரி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் ஒரு டாப்ஸைப் பார்க்கிறாள். விலை குறைவு. போன வாரம் ஒரு நடிகை போட்டிருந்த மாடல், இந்த வாரம் விற்பனைக்கு வந்துவிட்டது. எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தது என்று அவள் கேட்பதில்லை. நாம் கேட்டுப் பார்ப்போம்.

முன்பெல்லாம் வெளிநாட்டு பையர் மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே ஆர்டர் தருவார். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. ஸ்பெயின் நாட்டு ஸாரா நிறுவனம் இந்தக் கணக்கைச் சில வாரங்களாகச் சுருக்கிக் காட்டியது. ஆன்லைன் கம்பெனிகள் அதையும் தாண்டிவிட்டன. பிரிட்டனின் பூஹூ, சீனாவில் தொடங்கிய ஷீன் போன்றவை ஒரே மாடலை ஆயிரக்கணக்கில் தைத்து அடுக்கி வைப்பதில்லை. முதலில் சில நூறு பீஸ்தான். ஷீன் 100, 200 பீஸ்களில்கூடத் தொடங்கும். படத்தைப் போட்டுவிட்டு எத்தனை பேர் தொட்டுப் பார்க்கிறார்கள், எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று கவனிப்பார்கள். ஓடினால் சப்ளையருக்கு மறு ஆர்டர் பறக்கும். ஓடாவிட்டால் அந்த மாடல் அதோடு முடிந்தது.

வியாபாரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். விற்காத துணி தேங்காது, முதல் முடங்காது. ஆனால் அந்த நஷ்ட பயம் மறைந்துபோகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. ஆர்டர் வரும்வரை மெஷினையும் ஆட்களையும் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியவர் சப்ளையர். வந்தபின் விழுந்தடித்து முடிக்க வேண்டியவரும் அவரே. ஷிப்மென்ட் தேதி தவறினால் பையர் விலையில் பிடிப்பார். கப்பலில் போக வேண்டிய சரக்கைச் சப்ளையர் தன் செலவில் விமானத்தில் அனுப்ப நேரும். அந்த ஒரு ஷிப்மென்ட்டிலேயே லாபம் கரைந்துவிடும். நிலையான ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்று கான்ட்ராக்ட் ஆட்களை எடுக்கிறார். அதுவும் போதாதபோது பவர் டேபிள்காரர்களிடம் ஜாப் ஒர்க்காகத் தள்ளிவிடுகிறார். அந்தச் சிறிய கூடத்தில் யார் தைக்கிறார்கள் என்பது பையரின் கம்ப்யூட்டரில் தெரியாது.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு அடுத்த சங்கதி தெரியும். சாயப் பட்டறையை அதட்டினால் சாயம் சீக்கிரம் ஏறாது. கப்பலை அதட்ட முடியாது. நூல் விலையை யாராலும் அதட்ட முடியாது. முழுச் சங்கிலியிலும் அதட்டினால் வேகம் கூடுகிற இடம் தையல் லைன், செக்கிங், பேக்கிங். கைகள் வேலை செய்யும் இடம். எங்கோ ஒரு நகரத்தில் ஆர்டரிலிருந்து குறைக்கப்பட்ட ஒரு வாரம், இங்கே மணிக்கணக்கு டார்கெட்டாக மாறி லைனுக்கு வந்து சேர்கிறது. பாத்ரூம் போய்வரும் நேரம் எண்ணப்படுகிறது. ஓவர்டைம் 'முடியுமா' என்று கேட்கப்படுவதில்லை. கூடுதல் நேரத்துக்கு இரு மடங்குக் கூலி என்று சட்டம் சொல்கிறது. அதைக் கேட்கும் வாய்க்கு என்ன பதில் கிடைக்கும் என்பதும் தெரிந்ததே.

இங்கேதான் சாதி வருகிறது. அதட்டுபவர் யார், அதட்டப்படுபவர் யார்? மெஷினில் குனிந்திருக்கும் பெண் காலனியிலிருந்து வருகிறாள். பின்னால் நிற்கும் ஆண் சூப்பர்வைசர் பல ஆலைகளில் ஊருக்குள்ளிருந்து வருகிறவர். ஊரில் எந்த வாய் எந்தச் சொல்லைச் சொல்லிப் பழகியதோ, அதே வாய் அதே சொல்லை லைனிலும் சொல்கிறது. டார்கெட் அதற்கு ஒரு சாக்கு. ஆசிய நாடுகளில் எச் அண்ட் எம், கேப் நிறுவனங்களுக்குத் தைக்கும் ஆலைகளைப் பற்றி 2018இல் தொழிலாளர் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைகளும், உற்பத்தி நெருக்கடிக்கும் பெண்கள் மீதான வன்முறைக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டின.

இது ஏழை நாட்டுக் கதை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தைப் பாருங்கள். பூஹூ தன் உடைகளில் கணிசமான பகுதியை அங்குள்ள சிறு தையல் கூடங்களில் வாங்கிவந்தது. பக்கத்திலேயே இருப்பதால் வேகம். அங்கே தைத்தவர்களில் ஏராளமானோர் தெற்காசியாவிலிருந்து குடியேறியவர்கள். 2020 ஜூலையில், கொரோனா காலத்தில், அப்படியொரு கூடத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3.50 பவுண்டுதான் கூலி என்று ஒரு பத்திரிகை அம்பலப்படுத்தியது. சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சம் 8.72 பவுண்டு. நிறுவனமே நியமித்த வழக்கறிஞர் அலிசன் லெவிட் அந்த ஆண்டு செப்டம்பரில் தந்த அறிக்கை, குற்றச்சாட்டுகள் பெருமளவு உண்மை என்றது.

பிறகு என்ன நடந்தது? 2021இல் பூஹூ தன் சப்ளையர்களைக் கழித்துக்கட்டி, பிரிட்டனில் 78 பேர் கொண்ட பட்டியலை வெளியிட்டது. 2022இல் லெஸ்டரில் சொந்தமாக ஓர் ஆலை திறந்தது. 2024இல் அது மூடப்பட்டது. ஒப்புக்கொண்ட விலையைப் பின்னரும் குறைக்கச் சொல்லி சப்ளையர்களை நெருக்கினார்கள் என்று 2023இல் பிபிசி காட்டியது. சப்ளையரைத் திருத்துவது என்ற பெயரில் நடந்ததில் பெரும்பகுதி சப்ளையரைக் கைகழுவியதுதான். ஆர்டர் போனதும் கூடங்கள் மூடின. குறைந்த கூலியும் இல்லாமல் போனவர்கள் அந்தப் பெண்களே.

இதற்கு மாறான ஒரு பாதையைப் போட்டுக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம். அதற்குக் கொடுத்த விலை ஓர் உயிர். 2021 ஜனவரியில் வேடசந்தூர் பகுதி ஏற்றுமதி ஆலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். நெடுநாளாகவே அவருக்குத் தொல்லை இருந்தது என்று குடும்பத்தாரும் உடன் வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். அந்தப் பெண் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கத்தின் உறுப்பினர். தலித் பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம் அது. வழக்கு கோர்ட்டில் ஒரு பக்கம் நடக்கட்டும் என்று அந்தச் சங்கம் இருந்துவிடவில்லை. துணியை வாங்கும் கம்பெனியை நோக்கிக் கையை நீட்டியது.

2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் சங்கமும் ஒப்பந்தம் போட்டன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகள் துணை நின்றன. எச் அண்ட் எம் கையெழுத்திட்டது; பின்னர் கேப், பிவிஎச் நிறுவனங்களும் சேர்ந்தன. இதைத்தான் உலகம் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்கிறது. பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லித் தடுக்கிறது அது. லைனில் வேலை பார்க்கும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை இதை மீறினால் பையர் ஆர்டரில் கை வைத்தாக வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி. தேதி தவறினால் ஆர்டர் போய்விடும் என்ற பயம்தான் இதுவரை லைனை விரட்டியது. அதே பயத்தைச் சூப்பர்வைசரின் நாக்குக்கும் கைக்கும் எதிராகத் திருப்பிவிட்டார்கள் நம் பெண்கள்.

முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்ததாக ஒப்பந்தத்தின் ஆண்டறிக்கை சொன்னது. ஒரு சிலவற்றைத் தவிர மற்றவை தீர்க்கப்பட்டன. புகார் அதிகம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். புகாரே இல்லாத ஆலை எப்படிப்பட்ட ஆலை என்று வேனில் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் ஒப்பந்தம் ஒரு நிர்வாகத்தின் ஆலைகளுக்குத்தான். திருப்பூரின் பவர் டேபிள் கூடங்களுக்கும், மில் ஹாஸ்டல்களில் அடைபட்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அது எட்டவில்லை. ஆன்லைன் வேகமோ நம் வாசலுக்கே வந்துவிட்டது. 2020இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட ஷீன், 2025 பிப்ரவரியில் ரிலையன்ஸ் வழியாகத் திரும்பியது. இங்கே விற்பதை இங்கேயே தைத்து வாங்குவது என்பது ஏற்பாடு.

கல்லூரி மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். அம்மாவோ அக்காவோ எந்த லேபிளை வைத்துத் தைக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆலை போர்டில் இல்லாத பெயர் லேபிளில் இருக்கும். அவர்களுக்கு அது மனப்பாடம். பெரிய பையர்கள் பலர் தங்களுக்குத் தைக்கும் ஆலைகளின் பட்டியலை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். எச் அண்ட் எம் 2013 முதலே வெளியிடுகிறது. அதில் அம்மாவின் ஆலை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டு, அதே போனில் எழுதி வையுங்கள்.