உங்களுக்குத் தெரியுமா? இரைப்பையோடு பசியும் வெட்டுப்படும்!

எடைக் குறைப்புக்கான ‘ஸ்லீவ்’ அறுவையில் இரைப்பை மட்டும் சுருங்குவதில்லை. பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ ஹார்மோன் பெருமளவு சுரக்கும் பகுதியே வெளியே போய்விடுகிறது. நாக்கின் ஆசைதான் பாக்கி!

• வெட்டி எடுப்பது இரைப்பையில் சுமார் 75–80 சதவீதம். பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்கிவிட்டு, அடிவாரக் கடையில் தோசையைப் பிய்த்தால் பாதியிலேயே வயிறு ‘போதும்’ என்றுவிடும்.

• ஆனால், கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் தடையின்றி வழுக்கி இறங்கும். குறைந்த எடை திரும்பி வர இந்த ஒரு வழி போதும். இரைப்பை ‘பைபாஸ்’ அறுவை செய்துகொண்டவர்களுக்கு இனிப்பு இன்னும் பொல்லாதது: சிலருக்குக் குடித்த சற்று நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. இதற்கு ‘டம்பிங்’ என்று பெயர்.

• தட்டில் முதல் வாய் புரதத்துக்கு. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் என்பது பொதுக் கணக்கு. தண்ணீர், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே.

• வைட்டமின் பி12 மாத்திரையோ ஊசியோ ஆயுளுக்கும் தொடரும்.

அறுவை செய்துகொண்டவரா? தைப்பூசத்துக்கு ஒரு வேளை மரக்கறி உணவோடு விரதம் தொடங்குமுன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.