ட்ரம்பெட்டுக்கு முன்னால் நாற்காலி

கல்யாண வரவேற்பு மேடைகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. மேடையில் பாதியை மணமக்களின் சோபாவும் பூ அலங்காரமும் பிடித்துக்கொள்ளும். மிச்ச மூலையில் ஆர்கெஸ்ட்ரா. டிரம்ஸை ஒட்டிக் கீபோர்டு, ட்ரம்பெட்டின் வாய்க்கு நேரே தபலாக்காரரின் பிடரி, பக்கத்தில் ஆளுயர ஸ்பீக்கர். இறங்கியதும் காது 'ஙொய்' என்று இரையும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று அடுத்த ஊருக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். சரியாகாமல் போகிற நாளில், காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதமும் இருப்பதில்லை.

ட்ரம்பெட், டிராம்போன் ஒலி, அதிலும் மேல் ஸ்தாயி, வாத்தியத்தின் வாய் பார்த்த திசையிலேயே பாயும். சிம்பொனிக் குழுக்களில் அவற்றைப் பின்வரிசையில், உயர்த்திய படிமேடையில் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்: முன்னால் இருப்பவரின் தலைக்கு மேலே ஒலி போகட்டும் என்றுதான். நெருக்கி உட்காரவைத்தால் நேரே காதில் இறங்கும். தன் வாசிப்பு தனக்கே கேட்காதவர் ஓங்கி வாசிப்பார், மானிட்டரைக் கூட்டச் சொல்வார், பக்கத்தவரும் கூட்டுவார். அதன் பிறகு சவுண்டுக்காரர் மிக்ஸரில் என்ன திருகினாலும் சபைக்குப் போவது கூழ்தான்.

காதுக்கு ஒரு நாள் வரம்பு 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் சொல்லும் வரம்பு இது.

'கலையில் இதெல்லாம் சகஜம்' என்பவர்கள் லண்டன் ராயல் ஆப்பெரா ஹவுஸ் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2012 செப்டம்பரில் வாக்னரின் 'டி வால்க்யூர' ஒத்திகையில், ஒரு வயோலா கலைஞரை ட்ரம்பெட் வரிசைக்கு நேர் முன்னால் உட்காரவைத்தார்கள். ஒலி சில கணங்களில் 130 டெசிபலைத் தாண்டியது. அவருடைய செவி கெட்டு, வேலையும் போனது. காதடைப்பான் கொடுத்திருந்தோம், கலைத் தேவை என்றெல்லாம் நிர்வாகம் வாதிட்டது. தொழிற்சாலைகளுக்கு உள்ள இரைச்சல் சட்டம் இசை அரங்குக்கும் பொருந்தும் என்று 2018இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2019இல் மேல்முறையீட்டிலும் நிர்வாகத்தின் பொறுப்பு நிலைத்தது.

நம் ஊரிலோ? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. காவல் நிலைய அனுமதிக் கடிதமும் அதற்காகத்தான். காப்பாற்றப்படுவது அக்கம்பக்கத்தாரின் காது. மேடையில் இருப்பவரின் காதைப் பற்றி எந்த அதிகாரிக்கும் கவலையில்லை. தொழில் நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் செவிக்குறை இருக்கிறது. ஆனால் கச்சேரிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர், தான் யாருடைய ஊழியர் என்று நிரூபிப்பதே பெரும்பாடு.

அதனால் காகிதத்தை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள்.

முதலாவது, ஆடியோகிராம் என்னும் செவித்திறன் பரிசோதனைப் பதிவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் எடுக்கலாம். முந்தைய நாள் கச்சேரி இருக்கக் கூடாது. காது நன்றாக இருக்கும்போதே எடுங்கள். பின்னால் ஒப்பிட அதுதான் சாட்சி. ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து, தேதியோடு கோப்பில் வையுங்கள். 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளம் விழுந்திருந்தால், அது இரைச்சல் பாதிப்பா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, ஒப்பந்தக் கடிதம். அட்வான்ஸ் வாங்கும்போதே மேடையின் நீள அகலம், ஸ்பீக்கர் நிற்கும் இடம், இடைவேளை மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குழுவின் உள்ளே இருக்கை மாற்றத்துக்குத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸப் செய்தியும் சாட்சிதான், அழிக்காதீர்கள். வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம்.

மூன்றாவது, காதடைப்பான். பஞ்சு பயன்படாது. இசைக்கலைஞர்களுக்கென்று எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் வகை கிடைக்கிறது. ஆனால் அதைக் கொடுத்துவிட்டதால் மட்டும் பொறுப்பு தீர்ந்துவிடாது என்பதைத்தான் லண்டன் தீர்ப்பு காட்டியது.

நான்காவது, செவி ஏற்கெனவே குறைந்துவிட்டவர்கள். இரு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வருவீர்கள். யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, மருத்துவச் சான்று பெறுங்கள். வழி தெரியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பழைய ஆடியோகிராம் கோப்பை எடுத்துப் போங்கள். வெறும் காது இரைச்சலுக்கு இந்த அட்டை கிடைக்காது. அட்டை கிடைக்கும் அளவுக்குக் கெட்டபின் சுருதி சேர்க்கவும் முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன்: ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அது அவசரம். எண்ணெய் விட்டுக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் போய்விடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கச் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறையும்.

பாட்டு லிஸ்ட்டைக் கேட்பதற்கு முன்னால், எனக்கு நாற்காலி எங்கே என்று கேளுங்கள்.