அடங்கிய மூச்சும் திறந்த வாயும்

ஆரவாரமே ஆற்றல் என்று எண்ணுவார் எக்காலத்தும் உளர். மேடைப் பேச்சிலும் இவ்வெண்ணம் உண்டு. மோட்டார் வண்டியிலும் உண்டு. அமெரிக்க நாட்டில் வேகப் பிரியர் சிலர் தம் டர்போ கார்களிற் பொருத்திக்கொள்ளும் 'கட்அவுட்' என்னும் கருவி இதற்கோர் எடுத்துக்காட்டு. எனினும், அதனை வெறும் ஆரவாரமென்று தள்ளிவிடுதல் நீதியன்று. பயனையும் பழுதையும் ஒருங்கே வைத்து ஆராய்தல் வேண்டும்.

டர்போ என்பது யாது? எஞ்சினில் எரியும் பெற்றோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையோடு வீணே வெளியேறுகின்றது. அப்புகையாற் சிறு சக்கரமொன்றைச் சுழற்றி, அதே அச்சிற் பூட்டிய விசிறியால் எஞ்சினுக்குள் மிகுதியான காற்றைச் செலுத்தும் உபாயத்துக்கு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர், சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி. பொதுமக்களுக்கென விற்கப்பட்ட கார்களில் அது முதன்முதல் இடம்பெற்றது 1962இல். ஒல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர், செவ்ரொலே கோர்வேர் மொன்சா ஸ்பைடர் என்பன அக்கார்கள். கழிவென்று எறிந்த மூச்சையே வலிமையாக்கிய இவ்வுபாயம் வியக்கத்தக்கது.

இச்சக்கரம் நிமிடத்துக்கு 1,00,000 தடவைக்கு மேலும் சுழல வல்லது. நீரோடையில் அமைந்த சக்கரத்துக்கு மேலே நீர் நிறைந்தும் கீழே தடையின்றி வடிந்தும் இருத்தல் வேண்டுமன்றோ? அவ்வாறே இதற்கும் முன்னே புகையழுத்தம் மிகுந்தும் பின்னே குறைந்தும் இருத்தல் நன்று. பின்னேயுள்ள சைலன்சரோ புகையை ஓரளவு தடுக்கின்றது. ஆதலால், சைலன்சருக்கு முன்னே குழாயிற் கிளையொன்றை ஒட்டி, அதன் வாயில் தட்டுக்கதவொன்றை அமைப்பர். பொத்தானை அழுத்தியதும் சிறு மின்மோட்டார் கதவைத் திறக்கப் புகை நேரே வெளியேறும், சக்கரம் விரைந்தெழும், ஆற்றலும் கூடும். இது கற்பனையன்று. ஆனால், அக்கிளையைச் சக்கரத்துக்கு முன்னே வைத்தாலோ, புகை வேறுவழிப் போய்விட, டர்போவே உறங்கிவிடும்.

இனிப் பழுதுகள். பின்தடை குறைந்தவுடன் சில வண்டிகளிற் காற்றழுத்தம் கட்டுக்கடங்காது ஏறும். அதற்கேற்ப எரிபொருள் சேராவிடின் எஞ்சின் உட்புறம் சிதையும். வண்டியின் அடியிலே திறந்த வாயினின்று வரும் நச்சுப்புகை உள்ளே புகுதலும் கூடும். புகையைத் தூய்மை செய்யும் ஊக்கிக் கலத்துக்கு முன்னே கிளை அமையின், நஞ்சு அனைத்தும் ஊரார் மூச்சிற் கலக்கும். வெப்பத்தாலும் கரியாலும் கதவு நாளடைவில் இறுக மூடாது கசிதலும் உண்டு.

கருவி புதியதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்கள் பலவற்றிற் காலால் மிதித்துத் திறக்கும் கட்அவுட் இருந்தது. இரைச்சல் பொறாத நகரங்கள் பல அதனைத் தடை செய்தன. இன்றும் கலிபோர்னியாவின் வாகனச் சட்டம், சைலன்சரிற் கட்அவுட் பொருத்தலாகாது என்கிறது. சாதாரண கார்களின் புகைக்குழாய் ஒலிக்கு 95 டெசிபெல் எல்லையும் வகுத்துள்ளது. டெசிபெல் பத்து ஏறினால், ஓசை இருமடங்கானதுபோற் செவிக்குத் தோன்றும்.

பந்தயத் திடலில், விரும்பிச் சென்றோர் நடுவே, அக்கதவைத் திறப்பதை யான் குறைகூறேன். அங்கே வேகம் ஓட்டுநருடையது. ஓசையும் அவர் ஏற்றுக்கொண்டது. நள்ளிரவுத் தெருவிலோ வேகம் ஒருவருக்கு, உறக்கக்கேடு நூறு பேருக்கு. நோயாளியும் கைக்குழந்தையும் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனும் அந்த ஆற்றலிற் பங்கு பெறாதவர்; விலையை மட்டும் கொடுப்பவர்.

தமிழாசிரியனாகிய எனக்கு ஒன்று தோன்றுகிறது. சைலன்சரை 'ஒலியடக்கி' என்கிறோம். அடக்குதல் வேறு, அழித்தல் வேறு. டர்போவின் சக்கரம் புகையின் வலிமையைத் தான் வாங்கிக்கொள்வதால் ஓசையும் இயல்பாகவே தணிகின்றது. அடங்கிய மூச்சே அங்கு ஆற்றலாக மாறுகின்றது. இதனை உணர்ந்த ஓட்டுநர், ஊர் உறங்கும் வேளையில் அப்பொத்தானைத் தொடார்.